முதல் வேட்டைப் பருவமும் கையில் உள்ள வில்லும்: வாசகர் கேள்வி – பதில்

வில் வாங்கியாயிற்று, உரிமமும் கிடைத்துவிட்டது, பருவம் தொடங்கச் சில வாரங்களே இருக்கின்றன என்று ஆரம்பிக்கும் கடிதங்கள் இந்த முறை நிறைய வந்திருக்கின்றன. ஒரே ஐயம் பலருக்கும் இருந்ததால் கேள்விகளைச் சுருக்கித் தொகுத்திருக்கிறேன். வில் வேட்டைக்குச் சட்டப்படி அனுமதி உள்ள இடத்தில் உரிமத்தோடு செல்பவர்களுக்காக எழுதப்பட்ட பதில்கள் இவை. கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மலிவான கருவியால் வந்த சிக்கல்கள் மிகக் குறைவு. பயிற்சித் திடலில் ஒரு விதமாகவும் காட்டில் வேறு விதமாகவும் கருவியைப் பயன்படுத்துவதால் வந்தவையே அதிகம்.

கேள்வி: 70 பவுண்டு இழுவிசை கொண்ட, சக்கரங்கள் பொருத்திய காம்பவுண்ட் வில் வைத்திருக்கிறேன். வில்லை வானத்தை நோக்கித் தூக்கினால்தான் நாணை முழுவதும் இழுக்க முடிகிறது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்கிறார்கள். அப்படியே தொடரலாமா?

பதில்: வேண்டாம், இன்றே இழுவிசையைக் குறையுங்கள். புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில் இதையே நான் முதலாவதாக வைப்பேன், ஏனென்றால் மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் முளைக்கின்றன. தாங்க முடியாத வில்லை இழுப்பவர் தோளைத் தூக்குகிறார், முதுகுத் தசைக்குப் பதிலாகக் கையால் இழுக்கிறார், குறி நிலைப்பதற்கு முன்பே அம்பை விட்டுவிட அவசரப்படுகிறார். காட்டில் இதோடு இன்னொரு தொல்லையும் சேர்கிறது. வில்லை மேலே தூக்கி இறக்கும் அந்தப் பெரிய அசைவை 20 கெஜத்தில் நிற்கும் மான் பார்க்காமல் இருக்காது.

ஒரு சோதனை சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து சற்றே உயர்த்திக்கொண்டு, நாணில் அம்பைப் பூட்டி, வில்லை இலக்குக்கு நேராக நீட்டியபடி மெதுவாக இழுங்கள். வில் மேலும் கீழும் போகாமல் நேராக இழுபட்டால் அந்த எடை, அதாவது இழுவிசை, உங்களுக்கு ஏற்றது. காலைக் குளிரில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகு உடம்பு விறைத்துப் போயிருக்கும். வீட்டில் எளிதாக இழுத்த 60 பவுண்டு அப்போது 70 போலக் கனக்கும். அதனால் வீட்டுச் சோதனையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்படியாகவே எடையைத் தேர்ந்தெடுங்கள்.

காம்பவுண்ட் வில்லில் முழு இழுப்பை எட்டியதும் வில்லின் நுனிகளில் உள்ள கேம் சக்கரங்கள் சுமையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 60 பவுண்டு வில்லில் 80 விழுக்காடு சுமை குறைகிறது என்றால், குறிபார்க்கும் நேரத்தில் விரல்களில் இருப்பது 12 பவுண்டுதான். இந்த வசதியை நம்பித்தான் பலர் கூடுதல் எடையை வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த 12 பவுண்டுக்குப் போய்ச் சேர 60 பவுண்டு என்னும் மேட்டைத் தாண்டியாக வேண்டும். மான் வேட்டைக்கு 45 அல்லது 50 பவுண்டு வில்லும், தகுந்த கனமுள்ள அம்பும், கூரான முனையும் போதும். குறைந்தபட்ச இழுவிசைக்குப் பல பகுதிகளில் சட்ட வரம்பு உண்டு. நீங்கள் வேட்டையாடும் இடத்தின் விதியைப் பார்த்துக்கொண்டு, அதற்கு மேல் உங்கள் உடம்பு எளிதாக ஏற்கும் எடையில் நில்லுங்கள். எடையைக் குறைக்க, லிம்ப்களை (வில்லின் வளையும் மேல், கீழ்க் கைகளை) பிடித்திருக்கும் திருகுகளை மேலும் கீழும் ஒரே அளவு தளர்த்த வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன சுற்றுகளுக்கு மேல் தளர்த்தவே கூடாது. எடையை மாற்றிய பிறகு சைட்டையும் (குறிபார்க்கும் கருவியையும்) அம்பையும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் தம்முடைய பழைய வில்லைக் கொடுத்தார். ஒவ்வொரு முறை எய்யும்போதும் நாண் முன்கையில் அடித்துக் கன்றிப்போகிறது. கையுறை போட்டால் போதுமா?

பதில்: முன்கைக் காப்பு அணிவது நல்லதுதான். ஆனால் உங்கள் நண்பர் உங்களைவிட உயரமானவர் என்று நினைக்கிறேன். இழுப்பு நீளம், அதாவது நாணை முழுவதும் இழுக்கும் தூரம், அதிகமான வில்லைப் பிடிக்கும்போது முழங்கை முழுவதும் நீண்டு பூட்டிக்கொள்கிறது. நாண் திரும்பி வரும் வழியில் முன்கை குறுக்கே வந்துவிடுகிறது. இரு கைகளையும் பக்கவாட்டில் இயல்பாக விரித்து, ஒரு கையின் நடுவிரல் நுனியிலிருந்து மறுகையின் நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து, 2.5 ஆல் வகுத்துப் பாருங்கள். 70 அங்குலம் இருந்தால் இழுப்பு நீளம் சுமார் 28. இது தொடக்கக் கணக்குதான். அனுபவமுள்ள ஒருவர் நீங்கள் இழுத்து நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் இறுதியாகச் சொல்ல முடியும்.

சக்கரமில்லாத ரிகர்வ் வில்லில் இழுத்த வரைக்கும்தான் நீளம். அதன் இழுவிசையை 28 அங்குலத்தில் அளந்து எழுதியிருப்பார்கள், அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டு கூடவோ குறையவோ செய்யும். காம்பவுண்ட் வில் அப்படியில்லை. அதன் இழுப்பு நீளம் கேம் சக்கரத்தில் நிலையாக அமைக்கப்பட்டது. சில வில்களில் சக்கரத்தின் சிறு பகுதியை மட்டும் மாற்றினால் போதும், சிலவற்றில் சக்கரத்தையே மாற்ற வேண்டியிருக்கும். மாற்ற முடியாத வில் என்றால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய வில்லை வாங்கும் மற்றவர்களும் கவனிக்க: லிம்ப்களின் மேல் ஒரு பஞ்சு உருண்டையை மெதுவாகத் தேய்த்துக்கொண்டு போங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலில் பஞ்சின் இழை சிக்கிக்கொள்ளும். நாணில் இழைகள் பிய்ந்திருந்தாலோ, நாணைச் சுற்றிக் கட்டிய நூல் பிரிந்து உள்ளே இருப்பது தெரிந்தாலோ, நாணை மாற்றும் வரை அந்த வில்லை இழுக்கவே கூடாது.

கேள்வி: 45 பவுண்டிலிருந்து 65 பவுண்டு வில்லுக்கு மாறினேன், அம்புகள் பழையவைதான், 29 அங்குல நீளம், 500 ஸ்பைன். 100 கிரெயின் (எடையின் சிறு அளவை) பயிற்சி முனையில் 30 கெஜத்தில் கையகல வட்டத்துக்குள் போகின்றன. ஆனால் 125 கிரெயின் வேட்டை முனை பூட்டினால் அரை அடி விலகுகிறது. சைட்டைத் திருப்பிவிட்டால் தீர்ந்துவிடாதா?

பதில்: எய்தவனிருக்க அம்பை நோவானேன் என்பார்கள். உங்கள் விஷயத்தில் நோக வேண்டியது அம்பைத்தான்.

ஸ்பைன் என்பது அம்புத் தண்டின் விறைப்பு. 29 அங்குலத் தண்டை 28 அங்குல இடைவெளியுள்ள இரண்டு தாங்கிகளின் மேல் வைத்து, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று அளக்கிறார்கள். அரை அங்குலம், அதாவது 0.500 அங்குலம் வளைந்தால் அது 500. 0.340 வளைந்தால் 340. எண் சிறியதாக இருந்தால் தண்டு விறைப்பானது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வலுவான வில்லுக்குப் பெரிய எண்ணை வாங்கியவர்கள் பலர். நாண் தள்ளும் கணத்தில் எந்த அம்பும் வளைந்து நிமிர்ந்துதான் பறக்கிறது. 20 பவுண்டு கூடுதலாகத் தள்ளினால் வளைவு கூடும், முனை கனமானால் இன்னும் கூடும். நீங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்திருக்கிறீர்கள். 45 பவுண்டுக்குப் பொருந்திய 500 தண்டு, 65 பவுண்டில் 125 கிரெயின் முனையோடு சாட்டையைப் போலத் துவளும். தண்டைத் தயாரித்தவரின் அட்டவணையில் இழுவிசை, அம்பின் நீளம், முனையின் எடை மூன்றையும் பொருத்திப் பார்த்து, விறைப்பான தண்டை வாங்குங்கள். விறைப்புக் குறைந்த தண்டைப் பலத்த வில்லில் தொடர்ந்து எய்வது குறி தவறுவதோடு நில்லாது, ஆபத்தும்கூட.

அப்படியென்றால் பயிற்சி முனை மட்டும் எப்படிச் சரியாகப் போகிறது என்று கேட்பீர்கள். முனை உருண்டையாக இருக்கும்போது, தண்டின் வாலில் உள்ள இறகுகள் அம்பின் துடிப்பைச் சில கெஜங்களுக்குள் அடக்கி நேராக்கிவிடுகின்றன. நிலையான அலகுகள் (வெட்டும் தகடுகள்) கொண்ட வேட்டை முனையோ தானே ஒரு சிறகைப் போல முன்னால் காற்றைப் பிடிக்கிறது. வாலில் ஒரு சிறகுக் கூட்டம், தலையில் ஒரு சிறகுக் கூட்டம். அம்பு சிறிது சாய்ந்து புறப்பட்டாலும் தலை தன் திசைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். பயிற்சி முனை மறைத்துவைத்த குறையை வேட்டை முனை காட்டிக்கொடுக்கிறது என்றே இதைப் புரிந்துகொள்ள வேண்டும். சைட்டைத் திருப்பினால் அம்பு குறியில் விழலாம். ஆனால் சாய்ந்தபடியே பறந்து, சாய்ந்தபடியே தைக்கும், ஊடுருவும் ஆழம் குறையும்.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. எடை ஒன்றாக உள்ள பயிற்சி முனையையும் வேட்டை முனையையும் மட்டுமே ஒப்பிடுங்கள். 100-ஐயும் 125-ஐயும் ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒவ்வொரு வேட்டை அம்பையும் உருளைத் தாங்கியில் வைத்துச் சுழற்றி, முனை தள்ளாடுகிறதா என்று பாருங்கள். தள்ளாடும் அம்பை எந்தச் சீரமைப்பும் திருத்தாது. பிறகு ஒரு சட்டத்தில் காகிதத்தை இழுத்துக் கட்டி, ஆறு அடி தள்ளி நின்று, பின்னால் பாதுகாப்பான இலக்கு வைத்துப் பயிற்சி முனையால் எய்யுங்கள். முனை துளைத்த இடத்திலேயே வாலும் துளைத்து, இறகுகளின் கீறல் மட்டும் சுற்றிலும் தெரிந்தால் அம்பு நேராகப் புறப்படுகிறது. பக்கவாட்டிலோ மேல் கீழாகவோ நீளமாகக் கிழிந்தால் வால் அந்தப் பக்கம் போகிறது. இது சரியான பின்பு 20, 30 கெஜத்தில் இரு முனைகளையும் மாற்றி மாற்றி எய்து, வேட்டை முனைகள் இடப்புறம் விழுந்தால் வில்லில் உள்ள அம்புத் தாங்கியை வலப்புறம் நகர்த்துங்கள். ஒரு முறைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நகர்த்த வேண்டும். இரு முனை அம்புகளும் ஒரே இடத்தில் விழத் தொடங்கிய பிறகுதான் சைட்டைத் தொட வேண்டும்.

விரியும் அலகு கொண்ட முனைக்கு மாறினால் இந்தத் தொல்லை இல்லையே என்று இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். மூடியிருக்கும் நிலையில் அது பயிற்சி முனையைப் போலவே பறக்கும் என்பது மெய். ஆனால் உடலில் பட்டதும் அலகுகளை விரிப்பதற்கு அம்பின் ஆற்றலில் ஒரு பங்கு செலவாகிறது. குறைந்த இழுவிசை உள்ளவர்களுக்கு அந்தப் பங்கு பெரிது. சில இடங்களில் அவற்றுக்குச் சட்டத் தடையும் உண்டு. எந்த முனையைத் தேர்ந்தாலும் வில்லைச் சீரமைக்காமல் தப்பிக்கும் வழியாக அதைத் தேராதீர்கள்.

கேள்வி: 27 அங்குல இழுப்பும் 60 பவுண்டும் கொண்ட என் வில்லின் பெட்டியில் நொடிக்கு 330 அடி வேகம் என்று அச்சிட்டிருக்கிறது, சோதித்தால் 275 கூட வரவில்லை. இன்னும் இலேசான அம்பு வாங்கினால் வேகம் கூடுமா?

பதில்: கூடும், ஆனால் வாங்காதீர்கள். பெட்டியில் உள்ள வேகம் பொதுவாக 70 பவுண்டு, 30 அங்குல இழுப்பு, 350 கிரெயின் அம்பு என்ற அளவில் எடுக்கப்பட்டது. இழுப்பு ஓர் அங்குலம் குறைந்தாலே நொடிக்குச் சுமார் 10 அடி போய்விடும். 27 அங்குல இழுப்பும் 60 பவுண்டும் உள்ள உங்களுக்கு 270-க்குப் பக்கத்தில் வருவது இயல்பானதே; வில்லில் குறையில்லை.

இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெயின் என்ற வரம்புக்குக் கீழே அம்பின் மொத்த எடை போகக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் பொதுவாக எச்சரிக்கிறார்கள். வேட்டைக்கு 7 அல்லது 8 கிரெயின் இருப்பது நல்லது என்பது என் கருத்து. ஓர் உதாரணக் கணக்கு: 350 கிரெயின் அம்பு நொடிக்கு 285 அடி வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் 63 அடி-பவுண்டு. அதே வில்லில் 450 கிரெயின் அம்பு 254 அடி வேகத்தில் போனால் 64 அடி-பவுண்டு. ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான். உந்தமோ கனமான அம்பில் ஏழில் ஒரு பங்கு அதிகம், ஊடுருவலுக்கு அதுவே துணை. கனமான அம்பு வில்லின் ஆற்றலை நன்றாக வாங்கிக்கொண்டு போவதால் வில்லில் எஞ்சி அதிர்வாகவும் ஓசையாகவும் மாறுவது குறைகிறது.

ஓசைதான் இங்கே முக்கியம். ஒலி நொடிக்கு 1,100 அடிக்கு மேல் செல்கிறது. 30 கெஜத்தில் நிற்கும் மானின் காதுக்கு நாணின் சத்தம் 0.08 நொடியில் போய்விடும். 270 அடி வேக அம்பு அங்கே சேர 0.33 நொடி ஆகும். இடையில் உள்ள கால் நொடியில், துள்ளி ஓடுவதற்காகக் கால்களை மடக்கும் மானின் உடல் தாழ்ந்துவிடுகிறது, அம்பு முதுகுக்கு மேலே போகிறது. நொடிக்கு 20 அடி கூட்டினால் இந்தக் கால் நொடியில் மிச்சமாவது மிகச் சொற்பம். நாணில் ரப்பர் அதிர்வடக்கிகளைக் கட்டி, தளர்ந்த திருகுகளை இறுக்கி, கனமான அம்பைப் பூட்டி வில்லை அமைதியாக்குவது அதைவிடப் பயன் தரும். அதைவிடவும் பயன் தருவது இன்னும் பத்துக் கெஜம் அருகில் வரும்வரை காத்திருப்பது.

கேள்வி: வேட்டை முனைகளை எத்தனை முறை பயன்படுத்தலாம்? பயிற்சிக்கும் அவற்றையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: என் முதல் பருவத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். வேட்டை முனையோடுதான் பயிற்சி செய்ய வேண்டும் என்று கேள்விப்பட்டு, நல்ல பிள்ளையாக ஒரு வாரம் முழுவதும் மூன்று முனைகளை நுரை இலக்கில் எய்தேன். பிறகு அவற்றைத் துடைத்து, அதே முனைகளோடு காட்டுக்குப் போனேன். 22 கெஜத்தில், பக்கவாட்டாக நின்ற மானை எய்தேன். அம்பு விலாவில் சற்றே பின்னால் தைத்தது. இலைகளில் முதலில் நன்றாகவே இரத்தம் தெரிந்தது. பிறகு பத்தடிக்கு ஒரு துளி. பிறகு ஒரு புல்லின் நுனியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பொட்டு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இருட்டும் வரையிலும், மறுநாள் முழுவதும் தேடினேன். கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த முனையின் அலகைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து நகர்த்தினேன். அது நகத்தைப் பற்றவே இல்லை, கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கியது.

துப்பாக்கிக் குண்டு தாக்குகிறது, அம்போ அறுக்கிறது. அம்பின் வேலை குருதி இழப்பால் விரைவாக முடிவைக் கொண்டுவருவது. மழுங்கிய அலகு உள்ளே இருக்கும் குருதிக் குழாயை அறுக்காமல் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும். கிழிந்தும் நசுங்கியும் உள்ள காயத்தில் குருதி விரைவாக உறையும். நுரையில் ஒரே ஒரு முறை எய்த அலகும் பழைய கூர்மையோடு இருக்காது. எனவே ஒரு முனையைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கி, அதில் வண்ணம் பூசி அடையாளமிட்டு வையுங்கள். வேட்டைக்குரிய ஒவ்வொரு அம்பையும் அந்த முனையோடு ஒரு முறை எய்து பார்த்துவிட்டு, பிறகு புதிய அலகுகள் பூட்டுங்கள், அல்லது பழையதைக் கல்லில் தீட்டித் தோல்வாரில் இழுத்துக் கூராக்குங்கள்.

கூர்மையைப் பார்க்க நான் செய்வது: ஒரு ரப்பர் வளையத்தை இரண்டு ஆணிகளுக்கு இடையே இலேசாக இழுத்து மாட்டி, அலகை அதன் மேல் அழுத்தாமல் வைத்து மெல்ல நகர்த்துவேன். தொட்ட உடனே அறுந்து தெறித்தால் அந்த அலகு காட்டுக்குப் போகலாம். ரப்பர் வளைந்து கொடுத்துவிட்டு அலகோடு சேர்ந்து நகர்ந்தால் மறுபடி கல்லுக்குப் போக வேண்டியதுதான். முனையைத் திருகும்போதும் கழற்றும்போதும் அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் திருகியையே பயன்படுத்துங்கள்; விரலால் திருகி நரம்பறுத்துக்கொண்டவர்கள் உண்டு.

கேள்வி: அம்பு பூட்டாமல் நாணை இழுத்துக் காட்டிய என் தம்பி, கை நழுவி விட்டுவிட்டான். பெரிய சத்தம் வந்தது, ஆனால் வில்லில் எதுவும் தெரியவில்லை. எய்யலாமா?

பதில்: எய்யக் கூடாது. அம்பு எடுத்துச் செல்ல வேண்டிய ஆற்றல் முழுவதையும் லிம்ப், கேம், நாண் ஆகியவை தாங்கியிருக்கின்றன. கேமின் அச்சு நூலளவு வளைந்திருக்கலாம். லிம்பின் அடுக்குகளுக்குள் விரிசல் ஓடியிருக்கலாம். அடுத்த இழுப்பில் உங்கள் முகத்துக்கு அருகில் அது வெடிக்கலாம். வில்லை அழுத்தித் தளர்த்தும் கருவி உள்ள ஒரு பணிமனையில் அதைப் பிரித்துச் சோதித்த பிறகே தொடுங்கள். அம்பின் பின்முனை உடைந்திருந்தாலும், அது நாணைச் சரியாகக் கவ்வாமல் இருந்தாலும் இதே விளைவுதான் என்பதால், பூட்டும்போது மெல்லிய ‘டிக்’ ஒலியைக் கேட்டுவிட்டே இழுங்கள்.

கேள்வி: 20 அடி உயர மரப் பரணிலிருந்து எய்யும்போது அம்பு எப்போதும் உயரப் போகிறது. சாய்வுக் கோணத்தைக் கணக்கிடும் தொலைவுமானி வாங்கினால் சரியாகுமா? சைட்டில் தொலைவுக்கு ஒன்றாக ஐந்து குறி ஊசிகள் போதுமா?

பதில்: அம்புக்கும் இலக்குக்கும் இடையே உள்ள கிடைத்தொலைவுதான் அம்பின் வீழ்ச்சியைத் தீர்மானிக்கிறது என்பது உண்மை. மலைச் சரிவில் 30 பாகை கீழ்நோக்கி, கண்ணுக்கு 40 கெஜமாகத் தெரியும் இலக்கை 34 அல்லது 35 கெஜம் என்று வைத்தே எய்ய வேண்டும். அங்கே அந்தக் கருவி மிகவும் உதவும். உங்கள் பரணின் கணக்கு வேறு. 20 அடி உயரத்திலிருந்து, மரத்தின் அடியிலிருந்து 20 கெஜம் தள்ளி நிற்கும் இலக்குக்கு நேர்க்கோட்டில் 21 கெஜம்தான். ஒரு கெஜ வேறுபாட்டால் யாருக்கும் அம்பு முதுகுக்கு மேல் போகாது.

கோளாறு உங்கள் நிற்கும் முறையில் இருக்கக்கூடும். கீழே குறிபார்க்க, வில் பிடித்த கையை மட்டும் தாழ்த்துகிறீர்கள். அப்போது இழுப்பு நீளம் சுருங்குகிறது, நாண் முகத்தில் படியும் இடம் மாறுகிறது, நாணில் பொருத்திய பீப் வளையத்தின் வழியே கண் பார்க்கும் கோடும் மாறுகிறது. சமதரையில் நிற்பது போல நேராக நீட்டி முழுவதும் இழுத்த பிறகு, இடுப்பிலிருந்து குனியுங்கள். வீட்டு மாடியிலிருந்தோ ஏற்கெனவே கட்டிய பரணிலிருந்தோ, விழாமல் தடுக்கும் உடற்கச்சை அணிந்து, இதைப் பழகியாக வேண்டும்.

ஊசிகள் ஐந்து போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பருவத்துக்கு இரண்டு போதும் என்பேன். மங்கிய வெளிச்சத்தில் ஐந்து பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே தவறான புள்ளியைப் பொருத்தி எய்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. 20 கெஜத்துக்கு ஒன்று, 30 கெஜத்துக்கு ஒன்று வைத்து, மற்றவற்றைக் கழற்றிவிடுங்கள். தொலைவுமானியை மான் வந்த பிறகு எடுக்க வேண்டாம். பரணில் உட்கார்ந்ததும் சுற்றியுள்ள நான்கைந்து மரங்களுக்கும் பாறைகளுக்கும் தொலைவை அளந்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பரணில் ஏறும்போது உடற்கச்சை அசைவுக்கு இடைஞ்சலாக இருக்கிறது. மேலே போய்ச் சேர்ந்த பின் அணிந்துகொண்டால் ஆகாதா?

பதில்: ஆகாது. ஏறும்போதும், இறங்கும்போதும், ஏணியிலிருந்து பலகைக்குக் கால் மாற்றும்போதும்தான் விழ வாய்ப்பு அதிகம். தரையிலிருந்து பரண் வரை ஓர் உயிர்க்கயிற்றைக் கட்டி, அதில் நகரும் முடிச்சோடு கச்சையை முதல் படியிலேயே இணைத்துவிடுங்கள். இடுப்புப் பட்டை மட்டும் போதாது. தோளையும் தொடைகளையும் பிடிக்கும் முழு உடற்கச்சை வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது மரத்தோடு பிணைத்த வார் தொய்வில்லாமல் இருக்க வேண்டும். விழுந்து அந்தரத்தில் தொங்க நேர்ந்தால் தொடைப் பட்டைகள் குருதி ஓட்டத்தைத் தடுக்கும். காலை ஊன்றி எழ ஒரு வளையக் கயிற்றைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். ஒரு முறை விழுந்து தாங்கிய கச்சையை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

வில்லைக் கையிலோ தோளிலோ வைத்துக்கொண்டு ஏறுவதும் இதே அளவு ஆபத்தானது. அம்புகளை அம்பறாத்தூணியில், அலகுகள் முழுவதும் மூடியிருக்கும்படி வைத்து, வில்லைத் தரையில் விட்டு ஏறி, கச்சையைப் பிணைத்த பிறகு கயிற்றால் மேலே இழுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிய குளிர்காலச் சட்டை வாங்கியிருக்கிறேன். பருவத்தின் முதல் நாள் அணியலாம் என்று மடித்து வைத்திருக்கிறேன்.

பதில்: இன்றே பிரித்து அணிந்து, அதோடு இருபது அம்பாவது எய்யுங்கள். தடித்த கைச்சட்டையில் நாண் உரசினால் அம்பு பக்கவாட்டில் போகும். முகமூடி அணிந்தால் நாண் கன்னத்தில் படியும் உணர்வு மாறும்; கையுறை அணிந்தால் நாணை விடுவிக்கும் ரிலீஸ் கருவியின் விசை எப்போது விடுபடும் என்பது விரலுக்குத் தெரியாது. பையிலோ கைப்பட்டையிலோ ‘சர்ர்’ என்று பிரியும் ஒட்டுப்பட்டை இருந்தால் பொத்தானுக்கோ கொக்கிக்கோ மாற்றுங்கள். அம்பை இழுக்கும்போது அம்புத் தாங்கியில் உலோக ஓசை வந்தால் அந்த இடத்தில் ஒரு துண்டு ஃபெல்ட் துணி ஒட்டுங்கள்.

கேள்வி: என் கார்பன் அம்பு ஒன்று கல்லில் பட்டது. வெளியே கீறல்கூட இல்லை. அதை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கார்பன் தண்டு உள்ளே பிளந்திருந்தாலும் மேல்பூச்சு மின்னிக்கொண்டிருக்கும். அந்த அம்பை இழுத்து விட்டால், நாண் தள்ளும் கணத்தில் தண்டு சிம்புகளாகச் சிதறி வில் பிடித்த கையில் ஏறிவிடும். அறுவைச் சிகிச்சை வரை போன காயங்கள் உண்டு.

கையுறையும் கண்ணாடியும் அணிந்து, முனையை ஒரு கையிலும் பின்முனையை மறு கையிலும் பிடியுங்கள். முகத்திலிருந்து தள்ளி, இலேசாக வளையுங்கள். கொஞ்சம் சுழற்றி மறுபடி வளையுங்கள். ஒரு முழுச் சுற்று வரும்வரை செய்யுங்கள். பிறகு இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் திருகிப் பாருங்கள். காது கொடுத்துக் கேளுங்கள். காய்ந்த சுள்ளி முறியத் தொடங்குவது போன்ற நெறுநெறுப்பு ஒன்று கேட்டாலும், விரலடியில் ஓரிடம் மட்டும் மென்மையாகத் தோன்றினாலும் அந்தத் தண்டு முடிந்தது. முனையின் அருகிலும் பின்முனையின் அருகிலும் உள்ள இரண்டு அங்குலங்களைக் கூர்ந்து பாருங்கள். மயிரிழை போன்ற கோடு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஐயமிருந்தாலும் விலக்கிவிடுங்கள்.

விலக்கிய அம்பை மற்றவற்றோடு சேர்த்து மூலையில் சாய்த்து வைக்காதீர்கள். முனையையும் பின்முனையையும் கழற்றிவிட்டு, தண்டின் நடுவில் சிவப்பு நாடாவைச் சுற்றி அன்றைக்கே குப்பையில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் பருவத்தின் முதல் நாள் விடியற்காலை இருட்டில், அவசரத்தில், உங்கள் கை அதையே எடுத்து அம்பறாத்தூணியில் செருகிவிடக்கூடும்.